மாலை போட்டவர் வீட்டுக்கும் போகிற தட்டு

டிசம்பர் வந்துவிட்டால் வார இதழ்களின் அட்டையில் கேக் ஏறிவிடும். ஆனால் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தென்னேரி, வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற ஒரு வீட்டில் 24ஆம் தேதி ராத்திரியிலிருந்து புத்தாண்டு வரை எத்தனை வாய் இனிப்பு தின்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அதில் கேக்கின் பங்கு சின்னதுதான். மிச்சத்தை எல்லாம் எண்ணெய்ச் சட்டியும் அண்டாவும் பார்த்துக்கொள்கின்றன. கூட்டத்துக்கு என்ன இனிப்பு செய்வது என்ற கேள்வி பார்க்கச் சமையல் கேள்வி மாதிரி இருக்கிறது. இந்தப் பக்கத்தில் அதற்குப் பதில் சொல்வது வருகிறவர் யார் என்பது.

முதலில் வருவது கீத பவனி. டிசம்பரில் சபை இளைஞர்கள் தபலாவும் கீபோர்டும் எடுத்துக்கொண்டு ராத்திரியில் வீடு வீடாகப் போவார்கள். முப்பது நாற்பது பேர் வாசலில் நின்று பாடுவார்கள், கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாய் போடுவார், ஜெபம் செய்வார்கள், உடனே அடுத்த வீடு. உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. கையில் எடுத்து நடந்துகொண்டே தின்கிற பண்டம்தான் இவர்களுக்கு ஆகும். அடுத்து ஆலயம். கத்தோலிக்கருக்கு நள்ளிரவுத் திருப்பலி, சி.எஸ்.ஐ. சபைகளில் பெரும்பாலும் விடியற்கால ஆராதனை. முடிந்து வெளியே வரும்போது பனியில் நிற்கிற எல்லோருக்கும் கேக் துண்டும் தேநீரும். மத்தியானம் வீட்டுச் சாப்பாடு, பல சபைகளில் ஐக்கிய விருந்து. சாயங்காலம் பண்டத் தட்டு தெருவுக்குப் போகும். அதற்கப்புறம் ஒரு வாரம் உறவுக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒரே இனிப்பை வைத்து இத்தனை பேரையும் சமாளிக்க நினைக்கிற வீடு ஏதாவது ஒரு இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

இதோடு இன்னொரு சங்கதி உண்டு. சமையல் புத்தகங்களில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. டிசம்பர் 25 என்பது மார்கழி 10ஐ ஒட்டி வருகிறது. சபரிமலை மண்டல விரதம் அப்போதுதான் முடிகிற கட்டத்தில் இருக்கும். மண்டல பூஜையே கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஒன்றிரண்டு நாளில் வரும். தைப்பூசத்துக்கு மேல்மருவத்தூர் போகச் சக்தி மாலை போட்டவர்கள் சிவப்பு உடுத்திக்கொண்டு தெருவெல்லாம் இருப்பார்கள். மார்கழி முழுக்கக் கவிச்சி தொடாத வீடுகளும் உண்டு. பல வருஷங்களில் வைகுண்ட ஏகாதசியும் இந்த வாரங்களிலேயே விழும். இவர்களெல்லாம் யாரோ அந்நியர் அல்ல. பல குடும்பங்களில் அண்ணன் சபைக்குப் போவார், தம்பி மலைக்குப் போவார். மாமன் வீட்டில் மாலை, மச்சான் வீட்டில் குடில். பெரியம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து தட்டைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இதுல முட்ட கீதா?" என்பதுதான்.

இந்த ஒரு கேள்வி போதும், பாதிப் பட்டியல் அடிபட்டுவிடும். பிளம் கேக், அச்சு முறுக்கு, பழைய முறைப்படி செய்த கல்கல், கேரமல் புட்டிங், வட்டலப்பம் எல்லாவற்றிலும் முட்டை. அதிரசம், சோமாஸ், கேசரி, பாயசம், ரவா லட்டு இவற்றில் இல்லை. கிராமத்துக் கிறிஸ்துமஸில் அதிரசம் கேக்குக்கு இடம் விடாமல் உட்கார்ந்திருப்பதற்கு ஏழ்மை ஒரு காரணம், பேக்கரி அடுப்பு இல்லாதது ஒரு காரணம் என்று சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். எல்லோரும் தொட்டுச் சாப்பிட முடிகிறது என்பதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

இந்தச் சபைகள் இங்கே வேர்விட்ட விதத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம் பள்ளிகள் நடத்தினார்கள். 1890களில் ஆடம் ஆண்ட்ரு என்ற மிஷனரி செங்கல்பட்டு வட்டாரத்தில் நிலமில்லாத ஒடுக்கப்பட்ட குடும்பங்களை மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பில் குடியேற்றினார். சபையில் வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சேரித் தெருக்காரர்கள். மதம் மாறினார்கள், தெரு மாறவில்லை, உறவும் மாறவில்லை. தீபாவளிக்கு அம்மா சுட்ட அதிரசத்தையே மகள் கிறிஸ்துமஸுக்குச் சுட்டாள், வேறு பண்டம் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்தத் தட்டு ஊர்த்தெருவுக்குப் போய்விடவில்லை. சேரியில் சுட்ட பண்டத்தை ஊர்க்காரர் வாங்கித் தின்பது நடக்காத காரியமாக இருந்தது. இன்றும் எல்லா ஊரிலும் நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பேக்கரி கேக் டப்பா இங்கே ஒரு வினோதமான வேலையைச் செய்கிறது. வீட்டுப் பண்டம் நுழையாத வீட்டுக்குள் கடை முத்திரை போட்ட டப்பா நுழைந்துவிடும். வாங்கிக்கொள்கிறவர் சிரித்துக்கொண்டே வாங்குவார். இதைச் சமத்துவம் என்று கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. கை தொட்டுச் செய்ததை மறுத்துவிட்டு இயந்திரம் தொட்டதை ஏற்பது முன்னேற்றம் என்றால், அது மிக மெதுவான முன்னேற்றம்.

கேக் எப்படி வந்தது என்று பார்க்கலாம். இந்தியாவில் கிறிஸ்துமஸ் கேக்கின் பிறப்பிடமாகத் தலச்சேரியைச் சொல்வார்கள். 1883இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக் ஒன்றைக் காட்டி, இதேபோல் செய்ய முடியுமா என்று மாம்பள்ளி பாப்பு என்ற பிஸ்கட் கடைக்காரரிடம் கேட்டதாகவும், அவர் உள்ளூர்ச் சரக்கை வைத்தே செய்து காட்டியதாகவும் கதை. சென்னையில் பெரம்பூர் பாரக்ஸ் சாலையில் இருக்கும் ஸ்மித் ஃபீல்டு பேக்கரி 1885இல் தொடங்கியது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் உலர்பழங்களை வாரக்கணக்கில் ரம்மில் ஊறவைத்து, மாவைக் கலந்து, தகரத்தில் ஊற்றித் தெருக்கோடி பேக்கரியின் விறகடுப்பில் சுட்டு வாங்கிவருவது பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் வழக்கம். புதுச்சேரிக்காரர்கள் விவிகம் கேக் செய்கிறார்கள். மைதாவுக்குப் பதில் ரவை, அளவில்லாமல் வெண்ணெய், ரம்மில் ஊறிய பழம். இலங்கையில் லவ் கேக்கும் ரவைதான். முந்திரி, பூசணி தோசி, தேன், பன்னீர் வாசம் எல்லாம் சேரும். அங்கே ரிச் கேக்கைச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். கூட்டத்துக்குக் கேக் கொடுக்க இதைவிடப் புத்திசாலித்தனமான வழி கிடையாது. பழம் நிறைந்த கேக் பல வாரம் கெடாது, ஏனென்றால் அதிலுள்ள ஈரத்தைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்கிறது, பூஞ்சைக்கு விடுவதில்லை. அதன் பக்கத்தில் ஐசிங் பூசிய கிரீம் கேக்கை வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கடைகளில் அந்தக் கிரீம் தாவரக் கொழுப்பு. நாக்கின் மேல் மெழுகாய் ஒட்டும், மறுநாளே ஃப்ரிட்ஜ் கேட்கும், வெட்டுவதற்குள் கை எல்லாம் பிசுபிசுக்கும். கூட்டம் வருகிற வீட்டுக்குக் கிரீம் கேக் வாங்குவது காசைக் கரைக்கிற வேலை.

எல்லாச் சபையும் ரம்மை ஒத்துக்கொள்வதில்லை. பெந்தெகொஸ்தே வீடுகளில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறவைப்பார்கள். ருசியில் பெரிய குறை வராது, நாள்தான் குறையும். கேக்கின் கருநிறத்துக்குச் சர்க்கரையை நன்றாகக் கருக்கி வெந்நீர் ஊற்றிக் கலக்கும் பழைய வித்தையே போதும். அதில் வரும் லேசான கசப்புதான் பழத்தின் தித்திப்பை அடக்குகிறது.

வீட்டிலேயே கேக் செய்யலாமே என்றால், குக்கரில் மணல் பரப்பிச் சுடுகிறவர்கள் உண்டு. ஒரு ஈடுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும், வருவது ஒரு கேக். ஐம்பது பேருக்கு என்றால் அன்றைக்கு அந்த வீட்டில் வேறு எந்தச் சமையலும் நடக்காது. இதில் எனக்கு ஒரு ஆச்சரியம். இங்கிலாந்துக்காரர் கிறிஸ்துமஸுக்குத் தின்கிற பிளம் புட்டிங்கை அவர்கள் பேக்கரி அடுப்பில் சுடுவதில்லை, ஆவியில் மணிக்கணக்காக வேகவைக்கிறார்கள். இட்லிப் பானை இல்லாத தமிழ் வீடு எது? நம் கையில் இருந்த பாத்திரத்துக்குப் பொருந்துகிற பண்டத்தை விட்டுவிட்டு, இல்லாத பேக்கரி அடுப்பைக் கேட்கிற பண்டத்தைப் பிடித்துக்கொண்டோம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு மாவை ஊற்றி மணிக்கணக்கில் ஆவி காட்டி எடுக்கிற இட்லியைப் பார்த்த ஊர் இது. பெரிய அளவில் ஆவியில் வேகவைப்பது இந்த மண்ணுக்குக் கற்றுத்தர வேண்டிய வித்தை அல்ல. தேங்காய்ப்பாலும் வெல்லமும் முட்டையும் கலந்த வட்டலப்பத்தை முஸ்லிம் வீடுகளும் இலங்கைத் தமிழர்களும் ஆவியில்தான் எடுக்கிறார்கள். ஒரே அண்டாவில் நாற்பது கிண்ணம் வேகும். முட்டை தின்கிற விருந்தாளிகள் மட்டும் வருகிற வீடு என்றால் நான் கேக்குக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

இனி எண்ணெய்ச் சட்டி. அதிரசத்துக்கு அரிசியை ஊறவைத்து, வடிகட்டி, நிழலில் உலர்த்தி, கையில் லேசாக ஈரம் ஒட்டும்போதே இடிக்கவோ மில்லில் அரைக்கவோ வேண்டும். டிசம்பரில் இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழையின் வால் இருக்கும். தென்னேரி ஏரி நிரம்பி நிற்கிற காலம். காற்றிலேயே ஈரம் இருப்பதால் அரிசி உலர நேரமாகும். அவசரப்பட்டு மில்லுக்குக் கொண்டுபோனால் மாவு கட்டிகட்டியாக விழும். வெல்லப் பாகு தக்காளிப் பதத்தில் இறங்க வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டினால் மெத்தென்று உருண்டு நிற்க வேண்டும். அது இளகினால் தட்டிய அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், முற்றினால் பல்லுக்கு வேலை. அதிரசத்தைக் கூட்டத்துக்கு ஏற்ற பண்டமாக்குவது இந்தப் பதம் அல்ல, அதற்கடுத்த கட்டம். பாகு சேர்த்த மாவைப் பானையில் கட்டிவைத்தால் ஒரு நாள் ஊறினால் நல்லது, ஒரு வாரம் ஆனாலும் கெடாது. ஆகவே 22ஆம் தேதியே மாவைத் தயார் செய்துவிட்டு, ஆள் வரவரச் சுட்டுப் போடலாம். ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் வெல்லம் போட்டால் நடுத்தர அளவில் ஐம்பது தேறும். சுட்டதும் இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயைப் பிழிந்தாக வேண்டும். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடுகிற வீட்டு அதிரசம் மறுநாள் தட்டில் எண்ணெய் வளையம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

கல்கல் பிள்ளைகளின் பண்டம். கோவாவிலும் ஆங்கிலோ இந்திய வீடுகளிலும் கிறிஸ்துமஸ் என்றாலே இதுதான். போர்த்துகீசியர் வழியாக வந்தது என்பார்கள். மைதாவைத் தேங்காய்ப்பாலும் வெண்ணெயும் விட்டுப் பிசைந்து, கோலிக்குண்டு அளவு உருட்டி, முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ அழுத்திச் சுருட்டினால் வரிவரியாக வரும். பொரித்துப் பாகில் புரட்டினால் ஆறியதும் சர்க்கரை வெள்ளையாகப் பூக்கும். முட்டை இல்லாமலும் நன்றாகவே வரும், கொஞ்சம் கரகரப்பு கூடும், அவ்வளவுதான். வேலை அதிகம், ஆனால் அந்த வேலையைச் செய்ய விடுமுறையில் வந்த பத்துப் பிள்ளைகள் வீட்டில் சும்மா திரிகிறார்கள். ஒரு கிலோ மைதாவில் இருபத்தைந்து தட்டுக்குத் தலா ஒரு கைப்பிடி வைக்கலாம். காற்றுப் புகாத டின்னில் போட்டால் பதினைந்து நாள் நிற்கும். அதே டின்னில் முறுக்கைப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்து நமுத்துவிடும்.

அச்சு முறுக்கைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. பார்க்க அதைப்போல அழகான பண்டம் தட்டில் வேறு கிடையாது. ஆனால் அச்சு எண்ணெயில் காய்ந்திருக்க வேண்டும், மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும், மேலே ஏறிவிட்டால் கழன்று வராது. ஒரு அச்சுக்கு ஒன்றுதான் வரும். ஒரு சாயங்காலம் முழுக்க ஒருவர் அடுப்படியிலேயே நிற்க வேண்டும், அந்த ஒருவர் எப்போதும் வீட்டுப் பெண்ணாகத்தான் இருப்பார். மழைக்காற்று பட்டால் ஒரு மணி நேரத்தில் மொறுமொறுப்பு போய்விடும். தட்டுக்கு ஒன்று வைக்கும் அளவு கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. சோமாஸ் அப்படியல்ல. பூரணத்துக்குப் பச்சைத் தேங்காயைத் தவிர்த்து, வறுத்த ரவை, பொட்டுக்கடலை, சர்க்கரை, கொப்பரை என்று உலர்ந்த சரக்காகவே போட்டால் புத்தாண்டு வரை தாராளமாக வரும்.

தெற்கே போனால் தட்டு மாறும். நாகர்கோவில் பக்கம் முந்திரிக்கொத்து இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை. வறுத்த பாசிப்பயறு, வெல்லம், தேங்காய், எள் சேர்த்து உருட்டி அரிசி மாவில் தோய்த்துப் பொரிப்பது. முட்டை இல்லை, வாரக்கணக்கில் இருக்கும். இதன் உடன்பிறப்பு யாழ்ப்பாணத்தில் பயற்றம் பணியாரம் என்ற பெயரில் இருக்கிறது. தூத்துக்குடியில் மக்ரூன்: முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றே பொருள். அது வீட்டில் செய்கிற காரியமல்ல, பேக்கரிக்காரர் மெல்லிய சூட்டில் நேரம் எடுத்து உலர்த்துவது. பயணம் வருகிற உறவினரிடம் சொல்லி வாங்கிவரச் செய்யலாம். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர்கள் கடன் வாங்கிக்கொள்ளத் தக்கது முந்திரிக்கொத்துதான். ஏன் இது பாலாற்றைத் தாண்டி வடக்கே பரவவில்லை என்பது எனக்குப் புரியாத ஒன்று.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வேறு கணக்கு. வட தமிழ்நாட்டில் கிறிஸ்துமஸ் என்றால் பிரியாணி. ஆற்காடு, ஆம்பூர் வாசம் இங்கே வரை வீசும். ஆம்பூரில் பிரியாணிக்குத் துணை பிரெட் அல்வா. பிரெட்டை நெய்யில் வறுத்து, பாலும் சர்க்கரையும் விட்டுக் கிளறுவது. நெய் தாராளமாக விழுந்தால்தான் அது அல்வா, இல்லாவிட்டால் நனைந்த பிரெட். கிராமத்து ஐக்கிய விருந்தில் மாஸ்டர்கள் கிண்டுவது பெரும்பாலும் கேசரி. நூறு பேருக்கு ஆளுக்கு நூறு கிராம் என்று வைத்தால் இரண்டு கிலோ ரவை, மூன்றரை கிலோ சர்க்கரை, ஐந்தரை லிட்டர் தண்ணீர், முக்கால் கிலோ நெய் போதும். வீட்டில் ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர் விடுகிறவர்கள் கூட்டத்துக்குச் செய்யும்போது கொஞ்சம் கூட்டிவிட வேண்டும், ஏனென்றால் முதல் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் நடுவே கேசரி இறுகும். நிறத்தில் மட்டும் கை அடக்கம் வேண்டும். அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறமானாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். அண்டாவில் கண்ணளவாய்க் கொட்டுகிற கை அந்த அளவில் நிற்பதில்லை. வெள்ளைக் கேசரியில் முந்திரியும் திராட்சையும் மேலே தெரிந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கேசரி, சோமாஸ் பூரணம், ரவா லட்டு, விவிகம், லவ் கேக் என்று வரிசைப்படுத்தினால் ரவைதான் இந்தக் கடற்கரை நெடுகக் கிறிஸ்துமஸ் தானியம் போலத் தெரிகிறது. மைதாவைப்போல அதற்குப் பக்குவமான பிசைதலும் பொங்கவைப்பதும் தேவையில்லை. நெய்யையும் பாகையும் குடித்துக்கொண்டு அளவு எத்தனை பெருகினாலும் சொன்னபடி கேட்கும்.

பாயசத்தை நான் கூட்டத்துக்குச் சிபாரிசு செய்வதில்லை. ஆளுக்கு 150 மில்லி என்றாலும் நூறு பேருக்குப் பதினைந்து லிட்டர். பால் கெடும், சேமியா ஊறிக் கூழாகும், வெல்லத்தைக் கொதிக்கும் பாலில் போட்டால் திரியும், காகிதக் கப் வாசலெல்லாம் பறக்கும். பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற வீட்டுக்கு அது சரி.

சர்க்கரை நோய்க்காரர்களுக்கு என்ன என்று இப்போது எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். இனிப்பில்லாத இனிப்பு தேடுவதைவிட ஒரு சட்டி சுண்டல் வைத்துவிடுவது நேர்மை.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வேனில் போய்வருகிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் பலகாரம் சுட ஆள் குறைந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். ஷிப்ட் முடிந்து வருகிற பெண்ணிடம் மூன்று நாள் அதிரச மாவு வேலையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அறுபது பேர் வந்துபோகிற ஒரு வீட்டுக்கு என்றால் என் யோசனை இதுதான். இருபதாம் தேதிக்கு மேல் பிள்ளைகளை உட்காரவைத்து முட்டை சேர்க்காத கல்கல் ஒரு கிலோ மாவில். ஒன்றரைக் கிலோ அரிசிக்கு அதிரச மாவு. தட்டுகிறவர் ஒருவர், பிழிகிறவர் ஒருவர், அந்தப் பிழிகிறவர் வீட்டு ஆம்பிளையாக இருக்கட்டும். கீத பவனிக்கு டின்னிலிருந்து கல்கல். மத்தியானத்துக்குக் கேசரி. கேக் இரண்டு கிலோ, கிரீம் இல்லாதது, ஆளுக்கு நாற்பது கிராம் என்று வெட்டினால் ஐம்பது துண்டு வரும். சிறுபிள்ளைகளுக்குப் பாதியாக வெட்டினால் அறுபது பேருக்கும் எட்டும். முட்டை சேர்த்தது என்று சொல்லியே கொடுக்க வேண்டும். தெருவுக்குப் போகிற தட்டில் கேக்கை அதிரசத்தோடு ஒட்டி வைக்காமல் தனியாகத் தாளில் சுற்றி ஓரமாக வைத்தால், மாலை போட்டிருக்கிற வீட்டில் அதை மட்டும் எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு மற்றதைச் சாப்பிடுவார்கள்.